பதினேழாம் நம்பர் வாசனை

"இந்த வீட்டுல பேர் வைக்கிறது நான்தான்! நான் வச்சதுதான் பேரு!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு கர்ஜனை கிளம்பியது. கிளம்பிய இடம் குளியலறை. கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. குழாய் முழுசாகத் திறந்திருந்தது. கேட்டது முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான்.

கர்ஜித்தவரை சோப்புத் தொழிற்சாலையில் எல்லோரும் 'மூக்கு சார்' என்பார்கள். புதுச் சோப்புக்குப் போடும் வாசனையை மோந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் உத்தியோகம். காகிதக் கீற்றில் வாசனையைத் தொட்டு, மேலே நம்பரைப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். இவர் அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை எழுதுவதில் மனுஷன் புலி. மோந்து பார்ப்பதில்தான் எலி. மூக்கில் சதை வளர்ந்து ஐந்து வருஷமாகிறது. பக்கத்தில் பால் தீய்ந்தால்கூடத் தெரியாது.

அப்புறம் உத்தியோகம் எப்படி ஓடுகிறது என்கிறீர்களா? கீற்றுகளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இதுல கிராம்பு தூக்கல். இது தலைவலி. இது பரவாயில்லை, குளிச்ச மாதிரி இருக்கு" என்பாள். அதையே நல்ல தமிழில் வேட்டி கட்டி அறிக்கையில் உட்கார வைப்பார். "உங்க மூக்குதான் சார் நம்ம கம்பெனிக்கு மூலதனம்" என்று முதலாளி உருகுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பெண் பிறந்தது. வாசனைக்காரர் மகளுக்கு வாசனையாகத்தான் பேர் என்று சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து முடிவு கட்டிவிட்டது. வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. இவருடைய அம்மா பேர் பரிமளம். மாமியார் பேர் சுகந்தி. இரண்டுக்கும் நறுமணம் என்றுதான் அர்த்தம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"அர்த்தம் ஒண்ணுதானே? எங்கம்மா பேரே இருக்கட்டுமே."

"ஒண்ணுதானேங்கிறீங்க. அப்ப எங்கம்மா பேரே இருக்கட்டுமே."

"பரிமளம்னா ஒரு கம்பீரம் இருக்கு!"

"நல்லா இருக்கு. 'பரிமளம், ஸ்கூலுக்கு நேரமாச்சு, எந்திரி'ன்னு சொல்லிப் பாருங்க. குழந்தையா எந்திரிக்கும்? ஹெட்மிஸ்ட்ரஸ்தான் எந்திரிப்பாங்க."

ஒரு மாதமாக இதே பாட்டு. இந்தச் சண்டைக்கு நடுவில் மூக்கு சார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "உன் பேருதாம்மா, எவ தடுத்தாலும் சரி" என்று அம்மாவுக்குப் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். 'எவ' என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அம்மாவுக்குத் தையல் கைவந்த கலை. பேத்திக்கு ஒரு போர்வை, அதில் பூவேலையாகப் பேர் என்று ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே இவர் கொல்லைப்பக்கம் போய்த்தான் எடுப்பார்.

"ஒரு எழுத்து முடிஞ்சுதுடா."

அடுத்த வாரம், "ரெண்டாவது எழுத்தும் ஆச்சு."

மூன்றாவது எழுத்தில் இவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மறுபடி போன்.

"நாலு எழுத்தும் ஆச்சுடா. நாளைக்கு வரேன்."

"இன்னும் ஒரு எழுத்து பாக்கி இருக்குமேம்மா?"

"ஏண்டா, எனக்கு எண்ணத் தெரியாதா? வைடா போனை!"

சொந்தப் பேரிலேயே ஒரு எழுத்தை மறக்கிற அளவுக்கு அம்மாவுக்கு வயசாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தார். ஒரு பக்கம் அம்மாவின் ஊசி, இன்னொரு பக்கம் மனைவியின் நாக்கு. இனிமேல் பேச்சு உதவாது, சூழ்ச்சிதான் கதி என்று தீர்மானித்தார்.

தொழிற்சாலை அலமாரியில் பதினேழாம் நம்பர் என்று ஒரு வாசனை இருந்தது. வீரியம் அதிகம் என்று தள்ளி வைத்த சரக்கு. ஐந்து வருஷத்தில் அவருடைய மூக்குக்கே எட்டியது அது ஒன்றுதான். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று மனைவியை இழுக்க வேண்டும். அம்மா பேர் சீட்டில் ஒரு சொட்டு விட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மோந்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஒரே ஒரு ஓட்டை: இவர் மூக்குக்கு எட்டுவது அவள் மூக்குக்கு எட்டாமல் இருக்குமா? சின்னச் சீசாவைச் சட்டைப் பையில் போட்டு, பயந்துகொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி தும்மினாள். ஒன்று. இரண்டு.

"என்னம்மா, சளியா?"

"அப்படித்தான் போல."

பெண்டாட்டிக்குச் சளி பிடித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷன் உலகத்திலேயே இருக்க மாட்டான்.

அந்தத் தெம்பில்தான் காலையில் குளியலறைக் கர்ஜனை. ஈரத் தலையோடு வெளியே வந்து, பூனை மாதிரி கேட்டார்.

"ஏம்மா, எதுக்குச் சண்டை? சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமா?"

"சரிங்க."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் எதிர்க்கேள்வி இல்லாமல் அவள் 'சரிங்க' சொன்னதே கிடையாது. அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் இரண்டு சீட்டு எழுதி, ஒன்றில் ரகசியமாகச் சொட்டு விட்டு, மடித்து டம்ளரில் போட்டார்.

"டம்ளர் ஈரமா இருக்கே. இருங்க, வேற எடுத்துட்டு வரேன்" என்று அதை உள்ளே கொண்டுபோனவள், காலி சர்க்கரை டப்பாவோடு திரும்பினாள். "நீங்களே எடுங்க. பின்னால நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

கண்ணை மூடினார். மூக்கை டப்பாவுக்குள் விட்டார்.

"என்ன பண்றீங்க?"

"மூச்சு விடுறேன்."

ஒரு சீட்டு கும்மென்று மணந்தது. பாய்ந்து எடுத்தார். வெற்றிப் புன்னகையோடு பிரித்தார்.

சுகந்தி.

"அது எப்படி? வாசனை இதுலதானே..." என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோசனம்?

"எந்த வாசனைங்க? பதினேழாம் நம்பரா?" அவள் நிதானமாக ஒரு தும்மல் போட்டாள். "'சிலருக்கு இருமுறை தும்மல் வரக்கூடும்'னு அறிக்கையில நீங்கதானே எழுதுனீங்க? அந்தச் சிலர் யாருன்னு மறந்துட்டீங்களா?"

அது சளி இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்க சீட்டு ரெண்டும் குப்பையில கிடக்கு. இது ரெண்டும் நான் எழுதினது. ஆணியில தொங்குற உங்க சட்டையிலதான் சீசா இருந்துச்சு. எங்கம்மா பேருக்கு ரெண்டு சொட்டு விட்டேன். ஒரு சொட்டு உங்க மூக்குக்குப் பத்துமோ பத்தாதோன்னு கவலையா இருந்துச்சு."

"ஐயோ, அம்மா வராங்களே! பேரைத் தைச்சே முடிச்சுட்டாங்க! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

வாசல் மணி அடித்தது. அம்மா உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பையைத் திறந்து, போர்வையை உதறித் தொட்டிலின் மேல் விரித்தாள். சிவப்பு நூலில் நாலே எழுத்து. சுகந்தி.

"அம்மா! உன் பேரு?"

"என் பேரு எதுக்குடா? என் பேரை வைக்கலாமான்னு உன் பொண்டாட்டி போன மாசமே என்கிட்ட கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். புள்ளைக்கு என் பேரை வச்சா, தினம் அதைத் திட்டுற சாக்குல உன் பொண்டாட்டி என்னைத் திட்டுவா. சம்பந்தியம்மா பேரை வச்சா, நான் ஆசை தீரத் திட்டலாம்ல?"

"அத்தை!" என்றாள் மனைவி. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப ஒரு மாசமா நான் போட்ட சண்டை?"

"அவன்கிட்ட சொல்லாதேன்னு நான்தாண்டா சொன்னேன். அம்மாவுக்காக நீ சண்டை போடுறதைக் கேக்க ஆசையா இருந்துச்சு."

மூக்கு சார் நாற்காலியில் சரிந்தார். துக்கமாகவும் இருந்தது, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாகவும் வந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா? எழுந்து நின்றார். "பேர் விஷயத்துல என் கருத்தை யாருமே கேக்கலை. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கருத்து கிடையாதா?"

மனைவி ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து திங்கட்கிழமை அறிக்கைக்கான கீற்றுகளை எடுத்தாள். ஒன்றை மோந்து பார்த்தாள். பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.

"ஏன் கிடையாது? உட்காருங்க. உங்க கருத்து என்னன்னு சொல்றேன், எழுதிக்குங்க."