வீட்டு நிர்வாகி

"நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று ஒன்பதாவது முறையாகச் சொன்னது கணினித் திரை.

"அட, நிர்வாகியே நான்தான்யா!" என்றார் ஹெட்கிளார்க்.

ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் வீட்டிலும் தெருவிலும் அவர் ஹெட்கிளார்க்தான். ஏழு வருடங்களுக்கு முன் மகன், வெளியூர் வேலைக்குப் போகும் அவசரத்தில், வீட்டுக் கணினிகள், டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு, "யாராவது ஒருத்தர் அட்மினா இருக்கணும்" என்றான்.

"இதுல கேள்வி வேறயா?" என்றார் இவர். மகன் எதையோ தட்டி முடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

அன்றிலிருந்து எது அடம்பிடித்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். வேண்டுகோள் பொத்தானை அழுத்துவார். "இப்பத் தொறக்கும் பாரு!" என்று வீடே அதிரக் குரல் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் திறந்துவிடும். இயந்திரத்துக்கும் ஆள் தராதரம் தெரியும் என்பது அவர் கட்சி.

மனைவி காலமாகி மூன்று வாரம். இப்போதுதான் முதல் தடவையாக அது முரண்டு பிடிக்கிறது. உள்ளே இருப்பதோ அவளுடைய படங்கள். நாளை உறவினர்கள் வருகிறார்கள். ஐந்து மணிக்குள் ஒரு படம் போனால்தான் ஸ்டுடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவார்கள். அவள் தனியாக நிற்கும் படம் வேறெங்கும் இல்லை.

மணி மூன்றரை.

நிர்வாகி கணக்கில் நேராக நுழையப் பார்த்தார். பாஸ்வேர்டாகத் தன் பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி. கடைசியில் கல்யாணத் தேதி. அதையும் ஒரு நாள் தள்ளிப் போட்டார். கணக்கு பூட்டிக்கொண்டது.

குடும்பக் குழுவிலிருந்து ஒரு தடவை வெளியே போய்விட்டு உள்ளே வந்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வெளியே போக யார் அனுமதியும் தேவைப்படவில்லை. உள்ளே வரத்தான் தேவைப்பட்டது. "விருந்தினரே, வருக!" என்றது திரை.

"என் வீட்ல நான் விருந்தாளியா?"

கோபத்தில், மோடத்தின் பின்புறத் துளையில் ஓர் ஊசியை விட்டு அழுத்தினார். எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

ஹெட்போனும் தலையுமாக மருமகள் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"மாமா, நெட்டை என்ன பண்ணீங்க? முப்பது பேர் முன்னாடி வாயைத் தொறந்த மேனிக்கு அப்படியே உறைஞ்சு நிக்கறேன்!"

"நான் ஒண்ணும் பண்ணலையேம்மா."

"கையில ஊசி?"

"அது... சட்டைப் பொத்தான்."

"டி-ஷர்ட்டுக்கா?"

அவர் மோடத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். மருமகள் தரையில் உட்கார்ந்து, பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் போட்டு, ஒருவழியாக அதற்கு உயிர் கொடுத்தபோது மணி நாலே முக்கால். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"உள்ள ஏதோ மணி அடிக்குதே, மாமா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல." அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அவள் போய் அலமாரியைத் திறந்தாள். மடித்த புடவைகளுக்கு நடுவே மாமியாரின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அதற்குச் சார்ஜ் ஏற்றி, திரும்ப அதே இடத்தில் வைப்பது ஹெட்கிளார்க்தான். ஏனென்று அவர் சொன்னதுமில்லை, இவள் கேட்டதுமில்லை.

திரையைப் படித்தவள் சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த 'அனுமதி'யை இன்னைக்கு நீங்களே அழுத்துங்க, மாமா. இத்தனை வருஷமா நீங்க இங்க சத்தம் போடப்போட, அத்தைதான் உள்ள உக்காந்து அழுத்திட்டு இருந்திருக்காங்க."