நான் நானாக இருக்க வேண்டிய மூன்று வாரங்கள்

டகொராடி,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் ஏக்கோ எசில்ஃபி அவர்களுக்கு, தம்பி கோபினா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி எசியும் மகள் அராபாவும் நலம். குமாசியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி உங்களை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது போகவும் வேண்டுகிறேன். நான்கு வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று நீங்கள் வேறு எதுவும் நினைத்துவிட வேண்டாம். இது சமாதானக் கடிதம் அல்ல. அம்மாவின் இரங்கல் போஸ்டரில் உங்கள் மைத்துனர் பெயரைக்கூட தொப்பி வைத்த படத்தோடு போட்டுவிட்டு, பெற்ற பிள்ளையான என்னை ‘மற்றும் பலர்’ என்பதில் சேர்த்ததை நான் மறக்கவில்லை. இது குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் உங்களிடம் கொடுக்கும் புகார்.

அராபா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு நடிப்பு படிக்கிறாள். நடிப்பில் மூன்று வருடம் படிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குடைச்சல். கேட்டால், அடிபடாமல் கீழே விழ ஒரு பருவம், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் பேச ஒரு பருவம் என்கிறாள். நாடகக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கும்போது அவர்கள் முன்னால் நின்று சொந்தப் பெயரைச் சொல்லக்கூடப் பயிற்சி உண்டாம். “பேரைச் சொல்றதுக்கு என்ன பயிற்சி?” என்றேன். “நீங்க சொல்லிப் பாருங்களேன்” என்றாள். சொன்னேன். “ஏன்ப்பா மன்னிப்புக் கேக்கற மாதிரி சொல்றீங்க?” என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. குளிக்கப் போன இடத்தில் என் பெயரைப் பத்துப் பதினைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எசி கதவைத் தட்டி, உள்ளே யார் கூட பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டாள்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது அவள் கையில் ஒரு பச்சை நோட்டு. நான் இருமினால் எழுதுகிறாள், சாப்பிடும்போது சோளமாவுக் கென்கேயின் மேல் இலையைப் பிரித்தால் எழுதுகிறாள். துறைமுகத்தில் முப்பது வருடம் எடைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான், என்னை ஒருவர் எடை போட்டால் எனக்குத் தெரியாதா? அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். தவறுதான், ஆனால் நீங்களாக இருந்தாலும் திறந்திருப்பீர்கள். ‘ஆள்: ஆண், வயது அறுபத்திரண்டு. உட்காரும் முன் நாற்காலியைச் சந்தேகமாகப் பார்க்கும். மீனின் நடுத்துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் வந்துச்சா என்று கேட்கும். பொய் சொல்லும் முன் காதைத் தொடும்.’ பார்க்கும், கேட்கும், தொடும். ஆடுமாடுகளைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறாள், அண்ணா.

மறுநாளிலிருந்து நான் நாற்காலியைப் பார்க்காமலே உட்கார்ந்தேன். நடுத்துண்டை எசிக்கு வைத்தேன், பாத்திரம் கழுவினேன், பக்கத்து வீட்டுக்காரருக்கு நானே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னேன், அவர் பயந்துபோய் வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். நான்காம் நாள் அராபா என் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா, நோட்டைப் படிச்சீங்களா?”

“இல்லையே” என்றேன். கை காதுக்குப் போய்விட்டது.

“இது பரீட்சைப்பா. உயிரோட இருக்கிற ஒருத்தரை மூணு வாரம் பார்த்து, மேடையில இருபது நிமிஷம் அவராவே இருக்கணும். பாதி மார்க் இதுக்குத்தான். நீங்க நல்லவரா மாறினா நான் ஃபெயில்.”

எசி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “ஃபெயிலானா அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். அராபா அப்பா, நீங்க பாத்திரம் கழுவறத நிறுத்தாதீங்க.”

மகளா மனைவியா என்று தவித்து, கடைசியில் மகளுக்காகப் பழையபடி இருக்க முயன்றேன். அது வரவில்லை. நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்தால் ‘மிகையா இருக்குப்பா’ என்கிறாள். நான் எப்படி நடப்பேன், எப்படிக் கோபப்படுவேன் என்று அவளிடமே கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அரங்கில் பரீட்சை. எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அராபா என் பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மீசை இல்லை, சாயம் இல்லை, ஆனாலும் வந்தது நான்தான். நாற்காலியைப் பார்த்ததும் அரங்கம் சிரித்தது. மீனுக்கு எசியே கைதட்டினாள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் மனசு துடித்தது.

அப்போது மேடையில் போன் அடித்தது. அவள் எடுத்து, பெயரைப் பார்த்து, சத்தத்தைக் குறைத்தாள். கீழே வைத்துவிடவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதிர்ந்து அதிர்ந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அடங்கியதும் கட்டைவிரலால் திரையை ஒரு முறை துடைத்தாள். உள்ளேயிருந்து ஒரு குரல் “யாருங்க?” என்றது. “ராங் நம்பர்” என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து நீங்கள் போன் செய்கிறபோது நான் செய்வது அதுதான், அண்ணா. அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன். “அந்த இடத்துல நான் என்ன நினைக்கிறேன்னு வச்சு நடிச்ச?”

“தெரியலப்பா. நோட்டுல அந்த ஒரு பக்கத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க.”

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் தெரியவில்லை.

ஆகவே அண்ணா, பெற்ற தகப்பனை இருநூறு பேர் முன்னால் பிரித்துப் போடுகிற படிப்பு நம் குடும்பத்துக்கு ஆகாது. படிப்பு முடிந்ததும் அக்ராவில் ஒரு நாடகக் குழுவில் சேரப்போவதாகச் சொல்கிறாள். வங்கி வேலைக்கு எழுதிப் போடும்படி நீங்கள் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி கோபினா

பி.கு.: அவளுக்குக் கண்டித்து எழுத வேண்டாம். அவள்தான் வகுப்பில் முதல். அதே இருபது நிமிடத்தை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி குமாசியில் நடிக்கப்போகிறாள். நீங்கள் அவசியம் போக வேண்டும். அந்தப் போன் வருகிற இடத்தில் அவள் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.