எட்டில் ஒரு பங்கு சோபா

இனி இந்த வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை, விளையாடத்தான் போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் அறிவித்தார். சோபாவில் படுத்துக்கொண்டுதான். அவருடைய மகத்தான முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும்.

காரணம், எங்கள் மகள். வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பின்னம் என்றால் மட்டும் பேய் முழி. பாதியைவிடக் கால் பெரியது என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்திருந்தாள். ரெண்டைவிட நாலு பெரிசாம்!

"நீ திட்டித் திட்டித்தான் அவளுக்கு ஏறல."

"எங்க கான்வென்ட்ல ஸ்கேலால அடிச்சாங்க. எனக்கு ஏறுச்சே?"

"அதான் இப்படி இருக்கே."

ஆட்டம் இதுதான். அவர் வாய்ப்பாடு கேட்பார். சரியாகச் சொன்னால், அவள் கேட்கிற பங்கு சோபா அவளுக்கு. பாதியோ, எட்டில் ஒன்றோ. இந்த மனிதர் மத்தியானத் தூக்கத்தையே பணயம் வைக்கிறாரே என்று மலைத்துப்போனேன். அவரோ என் காதைக் கடித்தார்: "எட்டுதான் பெரிசுன்னு அதையே கேப்பா, பாரேன்."

கேட்டாள். டேப்பால் அளந்து, சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுத்தார். கைப்பிடிக்கும் கோட்டுக்கும் நடுவில் அவளுடைய ஒரு தொடைதான் அடங்கியது. கோட்டை முறைத்தாள். ஒரு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் மண்டையில் ஏறாதது, உட்கார்ந்த இடம் வழியாக ஏறியது. கண்ணால் பார்த்தேன்.

"இனிமே பாதி," என்றாள். "ஒவ்வொரு தடவையும் மிச்சத்துல பாதி."

சிரித்தார். "தாராளமா! பாதி பாதியா எடுத்தா என்னிக்குமே தீராதுடி. அப்பாவுக்கு எப்பவும் மிச்சம் இருக்கும்."

ஏழெட்டு? ஐம்பத்தாறு. கோடு. அவர் காலை மடக்கினார். இன்னொரு கோடு. எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது கோட்டுக்குக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டார். நான்காவதுக்கு நின்றேவிட்டார்.

"நான் எங்கடி தூங்கறது?"

உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியிருந்த இடத்தைக் காட்டினாள். கணக்குப் போட விரலை மடக்கவில்லை, பேப்பர் எடுக்கவில்லை.

"நூத்தி இருபத்தெட்டுல ஏழு பங்கு இன்னும் உங்களுதுதாம்ப்பா. நல்லாப் படுத்துக்கங்க. புரண்டா மட்டும் என் பக்கம் வராதீங்க."