ஈரலுக்குள் டபுள் ஷிப்ட்

பூகம்பமே வந்தாலும், மாற்று ஆள் வராமல் தன் இடத்தைவிட்டு நகராத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ரிலீவர் அண்ணன்தான்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். அடுத்த ஷிப்ட்காரர், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் அங்கே யாரும் கிளம்பக்கூடாது. மற்றவர்களுக்கு அது சுரங்கத்து விதி. இவருக்கு வாழ்க்கை விதி. ஒரு கல்யாணத்தில் "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று யாரோ பன்னீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுப் போக, தாலி கட்டி, பந்தியும் முடிந்து, பந்தலைப் பிரிக்க வந்தவர்கள்மேலும் தெளித்துக்கொண்டு நின்றார். இன்னொரு நாள், மேல்பட்டாம்பாக்கத்துத் தம்பி வீட்டுக்குக் கிளம்பிய அண்ணி, "பால் பொங்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பியபோதும் அண்ணன் அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிளாக் முழுவதும் பால்கோவா சாப்பிட்டது.

2018இல், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த எனக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். காபியைத் தாண்டி எதையும் குடித்தறியாதவன் நான். ரத்தத்தில் பல வருஷமாகப் பதுங்கியிருந்த மஞ்சள் காமாலைக் கிருமிதான் காரணமாம். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. சென்னை டாக்டர் படம் வரைந்து விளக்கினார்.

"உங்க கட்டிக்குள்ளயே எதிர்ப்பு அணுக்கள் நிறைய இருக்கு சார். எதிரியை அடையாளம் கண்டு உள்ள போயிருக்கு. ஆனா வருஷக்கணக்கா சண்டை போட்டுக் களைச்சுப்போய் சும்மா நிக்குது. போதாததுக்குக் கட்டியும் அதுங்களுக்கு பிரேக் போட்டு வெச்சிருக்கு. அந்த பிரேக்கை எடுத்து அணுக்களை எழுப்ப ஒரு புது மருந்து இருக்கு. எல்லாருக்கும் கேக்காது. சிலருக்கு, எழுந்த அணுக்கள் நல்ல உறுப்பையும் தாக்கலாம்."

துணைக்கு வந்த அண்ணன் கொதித்துப்போனார்.

"வருசக்கணக்கா ஒரே ஷிப்ட்டா நின்னுகினு இருக்கானுங்களா? மாத்த ஆளே அனுப்பலியாங்க?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் டாக்டர்.

"அப்ப அவனுங்கள எழுப்புறது பாவங்க! லீவு குடுங்க!"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். டபுள் ஷிப்ட் பார்த்துக் கண்ணயர்ந்த எவனையும் சுரங்கத்தில் அண்ணன் எழுப்பவிட்டதில்லை. அவன் வேலையையும் சேர்த்துத் தானே பார்ப்பார். அதே சலுகையை இப்போது என் ஈரலுக்குள்ளும் கேட்டார்.

"அண்ணே, அவங்க தூங்குனா நான் போயிடுவேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

மருந்து ஏற்றும் நாட்களில் தவறாமல் வந்தார். "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க" என்ற நர்ஸிடம், "ரிலீவர் வரலியேம்மா" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். சொட்டு விழ ஆரம்பித்ததும் என் விலாப்பக்கம் குனிந்து ரகசியமாகக் கெஞ்சுவார். "தம்பிங்களா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் நல்ல மனுசன். இந்த ஒரு ஷிப்ட்டு மட்டும் பாத்துக் குடுங்க." நான் சிரிக்கிற சிரிப்பில் ஊசி கழன்றுவிடும்போல இருக்கும். நோய் என்று தெரிந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. களைத்துக் கிடந்தவர்கள் எழுந்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். என் மனைவி அந்த அறையிலேயே கைகூப்பி நின்றாள். அண்ணனைக் காணோம். தேடிப் போனால், வராந்தா ஓரத்தில் சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நல்ல சேதிதானே?"

"இல்ல சார்... அவ்ளோ களைப்புலயும் எழுந்து செஞ்சிருக்கானுங்களே, பாவம்!"

அந்த அழுகை எந்த அணுவுக்காகவும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முகம் துடைத்துக்கொள்ள என் துண்டைக் கொடுத்தேன். அதுவரை யார் கேட்டாலும், எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை என்றுதான் சொல்லிவந்தேன். அன்றைக்குப் பிறகு சொல்வதில்லை.