நாலு கிலோ மிச்சம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்தக் கதை நடந்த மார்கழியில் அந்தக் கரடி இருக்கவில்லை, வெந்துகொண்டிருந்தது.

அவள் பெயர் சடையாயி. காட்டுக் கணக்கில் வயது நாற்பத்தேழு. பனியில் மான்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கும் காலை வேளையில், இவளுக்கு மட்டும் மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாகக் காதுவரை ஏறும். கழற்றி வைக்கலாம் என்றால் கரடியின் ரோமம் கம்பளிச் சட்டை அல்ல. தேக்கிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் சூடு இறங்கும். இறங்கியதும் குளிரும். தூக்கம் போயிற்று. மாதக் கணக்கு தப்பிப் போயிற்று. ‘என்ன ஆச்சு?’ என்று யாராவது கேட்டால் கடிக்கத் தோன்றியது. கேட்காவிட்டால் இன்னும் பலமாகக் கடிக்கத் தோன்றியது. போதாக்குறைக்கு, எங்கெங்கோ ஒழுங்காக இருந்த சதையெல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வயிற்றைச் சுற்றிக் குடியேறியது.

கரடிக்கு இதெல்லாம் வருமா என்று விலங்கியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். கரடிக்குப் பேச்சு வருமா என்று கேட்காதவர்கள் இதையும் கேட்கக் கூடாது.

சடையாயிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறை நிழலில் ஒரு மடு உண்டு. கழுத்தளவு ஆழம். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். இந்தப் பக்கத்துக் குட்டையில் எருமைகள் இடம் பிடித்து மூன்று தலைமுறை ஆகிறது. கோடை முழுக்க அந்த மடுவில் கிடந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள்.

மடுவுக்குப் போக வேண்டுமென்றால் மூங்கில் பாலத்தைக் கடக்க வேண்டும். போன மழையில் ஒரு காட்டெருமை ஏறிப் பாலம் பாதி முறிந்ததிலிருந்து, எண்பது கிலோவுக்கு மேல் யாரும் அதில் ஏறக் கூடாது என்று காட்டுச் சபை விதி போட்டுவிட்டது. விதியைக் காக்க ஓர் உடும்பை உட்கார வைத்திருந்தார்கள். உடும்பிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தை மாதம் சடையாயி குடும்பத்தோடு போய் வரிசையில் நின்றாள். முன்னால் பதினேழு முயல்கள். ஒவ்வொரு முயலையும் தனித்தனியாக நிறுத்தி எடை பார்த்தது உடும்பு.

“முயலுக்குமா?” என்றாள் சடையாயி.

“விதியில முயல் வேண்டாம்னு இல்லையேம்மா” என்றது உடும்பு.

படிவத்தைப் பூர்த்தி செய்தவர் அவள் கணவர் பரமசாமி. ‘உடன் செல்வோர்’ என்ற இடத்தில் நான்கு பெயரையும் எழுதினார். பிறகு தராசில் ஏறினார். எழுபத்தெட்டு. மகன் நிதின் எழுபத்தொன்பது. மகள் தேன்மொழி எழுபத்தாறு. சடையாயி ஏறினாள். எண்பத்து நாலு.

“நாலு கிலோ குறைக்கணும்மா. பாலம் சித்திரை ஒண்ணாம் தேதி திறக்குது. அன்னிக்கு மறுபடி எல்லாரையும் நிறுப்பேன்” என்றது உடும்பு.

பரமசாமி சும்மா இருந்திருக்கலாம். “பாலத்துக்கென்ன, ஒரு நாள் தாங்கப் போகுது. நான் இருபத்தஞ்சு வருஷமாத் தாங்கிட்டிருக்கேன்” என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. முயல்கள் கூடச் சிரித்தன. சடையாயியும் சிரித்தாள். பிறகு நாவல் மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

“விடும்மா. நாங்க மூணு பேரும் போய் மடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றோம்” என்று நிதின் ஆறுதல் சொன்னான். நல்ல பிள்ளை. அடிக்காமல் வளர்த்த பிள்ளை.

அன்றிலிருந்து காடே அவளுக்கு வைத்தியம் சொன்னது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றன கிளிகள். கொள்ளு கேட்டு மலையடிவாரத்துக் குதிரையிடம் போனாள். குதிரையம்மாளுக்கும் அதே வயதுதான். அவள் மெல்லத் திரும்பி நின்று தன் அகலத்தைக் காட்டினாள்.

“பாத்தீங்களா?” என்றாள் குதிரை.

“பாத்தேன்.”

“பொறந்ததுலேருந்து கொள்ளுதான் திங்கிறேன்.”

சடையாயி நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு மந்தி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுத்தது. நடக்கிற அடிகளை அது எண்ணுமாம். சடையாயி காலையும் மாலையும் நடந்தாள். நடுவில் சூடு ஏறும்போதெல்லாம் தேக்கிலையால் விசிறிக்கொண்டாள். கருவி விசிறலையும் நடையென்று எண்ணி, ‘இன்று பதினெட்டாயிரம் அடிகள்! அருமை!’ என்று குரல் கொடுத்தது. வாழ்க்கையில் அவளை யாரோ பாராட்டியது அதுதான் முதல் தடவை. எடை மட்டும் எண்பத்து நாலிலேயே நின்றது. ஒரு வாரம் பட்டினி கிடந்து பார்த்தாள். எண்பத்து நாலரை ஆயிற்று.

கடைசியில் ஆலமரத்துப் பொந்தில் வைத்தியம் பார்க்கும் கூகை டாக்டரம்மாவிடம் போனாள். கூகை எதையும் முழுதாகத் திரும்பிப் பார்க்கிற ஜாதி.

“இது உங்க தப்பு இல்லை. உடம்பு பருவம் மாறுது. இந்த வயசுல தசை குறையும், வயித்துல கொழுப்பு சேரும். தூக்கம் கெட்டா பசி கூடும். பட்டினி கிடக்காதீங்க. கரையான், முட்டைன்னு சத்தா சாப்பிடுங்க. தினம் நாலு பாறையைத் தூக்கி வைங்க. மெதுவாத்தான் குறையும். அவசரப்பட்டுக் குறைச்சா, அதே வேகத்துல திரும்பி வரும்” என்றது டாக்டரம்மா. “ஒரு வாரம் என்ன சாப்பிடுறீங்கன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க.”

தேக்கிலையில் கரியால் எழுதிக்கொண்டு போனாள். காலையில் கரையான் ஒரு பிடி. மதியம் பலாச்சுளை மூன்று. மாலையில் இலுப்பைப் பூ கொஞ்சம்.

டாக்டரம்மா இலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தது.

“இது மைனா சாப்பிடுற அளவு. வேற என்ன சாப்பிடுறீங்க?”

“வேற ஒண்ணும் இல்லை டாக்டர். மிச்சம் மட்டும்தான்.”

“மிச்சமா?”

“அவர் வைக்கிற மிச்சம், பெரியவன் வைக்கிற மிச்சம், சின்னவ வைக்கிற மிச்சம். கொட்ட மனசு வராது, வாயில போட்டுக்குவேன்.”

“அதை ஏன் எழுதலை?”

சடையாயிக்குக் கேள்வியே புரியவில்லை. “அது சாப்பாடு இல்லையே டாக்டர். மிச்சம்தானே?”

கூகைக்கு வழக்கமாகக் கண் கொட்டாது. அன்று இரண்டு தடவை கொட்டியது.

இந்த இடத்தில் பரமசாமியின் கொள்கையைச் சொல்லியாக வேண்டும். தினமும் சாப்பிடும் முன் பிள்ளைகளுக்கு அவர் ஓர் உபதேசம் செய்வார்: உணவை வீணாக்குவது பாவம், ஒரு சுளை விளைய மரம் எத்தனை நாள் தவம் இருக்கிறது தெரியுமா, என்று. கண் கலங்கும்படி பேசுவார். பேசி முடித்து மலை மலையாக அள்ளி வைத்துக்கொண்டு, பாதி தின்று, பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். பிள்ளைகளும் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆக, அந்த வீட்டில் உணவு வீணானதே இல்லை. பாவம் முழுவதும் சடையாயியின் வயிற்றில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் எல்லாரும் எழுந்து போனபின் சடையாயி மிச்சத்தைப் பார்த்தாள். கை தன்னால் நீண்டது. இழுத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பாறை தூக்கினாள்.

இரண்டாம் நாள் ஈ வந்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. நாலாம் நாள் பக்கத்துப் புதர் முள்ளம்பன்றி, நாற்றம் தாங்கவில்லை என்று முதுகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்றது.

“என்ன இது, இவ்வளவு வீணாக் கிடக்கு!” என்றார் பரமசாமி.

“ஆமாங்க. எவ்வளவு பெரிய பாவம்” என்றாள் சடையாயி.

“நீதானே எப்பவும்…”

“டாக்டர் வேண்டாம்னுட்டாங்க.”

முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வருட உபதேசம் அவர் எதிரில் வந்து நின்றது. குறைவாக அள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை. ஆண் கரடி ஒன்று தன் மலையைச் சிறிதாக்கிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பரமசாமி உட்கார்ந்தார். மிச்சத்தைத் தானே தின்றார். “பாத்துக்கோங்க. கொள்கைன்னா இப்படித்தான்” என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகளும் தின்றார்கள். அன்றிலிருந்து தினமும்.

மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. சடையாயி இலையில் எழுதியதை மட்டும் தின்றாள், பாறை தூக்கினாள். சூடு என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூச்சு வாங்காமல் மேடு ஏற முடிந்தது. முதலில் ஒரு கிலோ போனது, பிறகு இரண்டு. போனது எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று தெரிந்திருக்கும்.

சித்திரை ஒண்ணாம் தேதி நால்வரும் பாலத்துக்கு வந்தார்கள். மகளுக்குச் சாப்பாட்டு மூட்டையைத் தூக்கக் கூச்சம், மகனுக்கு முதுகு வலி. மூட்டை சடையாயியிடம் இருந்தது.

“முதல்ல நீங்க” என்றது உடும்பு.

மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சடையாயி தராசில் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எழுபத்தொன்பதரை.

“போகலாம்.”

பரமசாமி துள்ளி ஏறினார். எண்பத்து மூணு. தராசு கெட்டுவிட்டது என்றார். உடும்பு, ஒரு முயலைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டியது. தராசு நன்றாகத்தான் இருந்தது. நிதின் எண்பத்திரண்டு. தேன்மொழி எண்பத்தொண்ணு.

“சரி, அப்ப இந்த வருஷம் யாரும் போக வேண்டாம்” என்று முடிவு சொன்னார் பரமசாமி. “வா, வீட்டுக்குப் போகலாம்.”

சடையாயி பாலத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பாறையைப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறியது.

உடும்பு படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. “இதுல நாலு பேருன்னு போட்டிருக்கேம்மா. தனியாப் போறதுக்குக் கட்டமே இல்லையே.”

“மூணை அடிச்சிருங்க” என்றாள் சடையாயி.

உடும்பு யோசித்தது. அடிக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அடித்தது.

“நாங்க என்னம்மா சாப்பிடுறது?” என்று கேட்டாள் தேன்மொழி.

“மூட்டையில இருக்கு” என்றபடி அவள் பாலத்தில் நடந்தாள். மூங்கில் கிறீச்சென்றது, ஆனால் தாங்கியது. உடைந்து விழுவாள் என்று இந்தப் பக்கம் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

மடுவில் கழுத்துவரை இறங்கினாள். உள்ளே எரிந்த அடுப்பில் யாரோ தண்ணீர் தெளித்தது போல இருந்தது. அழுகை வந்தது. இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே அழுதாள். பிறகு இரண்டு நாள் தூங்கினாள்.

எழுந்ததும் ஒரு பலா முன்னால் உட்கார்ந்தாள். பிளந்து வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், யாராவது தின்று மிச்சம் வைக்கட்டும் என்று காத்திருந்தாள். காற்றுதான் அடித்தது. வெகுநேரம் கழித்துத்தான் முதல் சுளையை எடுத்தாள். முதல் சுளை இத்தனை தித்திப்பாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கோடை முழுக்க என்று அவள் ஆசைப்பட்டாலும், சபை கொடுத்த அனுமதி ஒரு வாரத்துக்குத்தான். எட்டாம் நாள் ஒழுங்காகத் திரும்பிப் பாலத்துக்கு வந்தாள். அந்தப் பக்கத்துத் தராசில் உடும்பின் மச்சான் உட்கார்ந்திருந்தது. ஏறச் சொன்னது. எண்பத்தொண்ணே கால்.

“மன்னிச்சுக்கங்கம்மா. ஏறக் கூடாது.”

“அடடா” என்றாள் சடையாயி. அப்படி ஒரு நிம்மதியான ‘அடடா’வை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்து தேன்மொழி கத்தினாள்: “அம்மா! தேனடை எங்கம்மா வச்சிருக்க? எப்பம்மா வருவ?”

“வெயிட்டு குறையணும்டி! அவசரப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க!”

அப்போது பரமசாமி முன்னால் வந்து கைகளை வாய்க்கு இருபுறமும் குவித்தார். கையில் அந்த நடைக் கருவி கட்டியிருந்தது.

“கவலைப்படாத! நாங்க கொள்ளு திங்கிறோம்! எனக்கு இன்னும் ஒரே ஒரு கிலோதான்! அடுத்த வாரம் நாங்களே அங்க வந்துர்றோம்!”

சடையாயி ஓரடி பின்வாங்கினாள். மடுவைத் திரும்பிப் பார்த்தாள். மிச்சம் வைத்த பலாவைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக அவளே வைத்த மிச்சம் அது. ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளும் கைகளைக் குவித்துக்கொண்டு, பள்ளம் அதிரக் கத்தினாள்:

“என்னங்க! அங்க வீட்டுப் பின்னாடி மூணு பலா பழுத்திருக்கும்! மூணையும் வெட்டிருங்க! ஆனா மிச்சம் மட்டும் வச்சிராதீங்க! உணவை வீணாக்குறது பாவம்!”

பரமசாமி நெகிழ்ந்து போனார். “பாத்தியா, அவ்வளவு தூரத்துல இருந்தும் அவளுக்கு நம்ம நினைப்புதான்” என்று மகனிடம் சொன்னார். கொள்கைக்காரர் அல்லவா, சொன்னபடியே செய்தார்.

நீதி: உணவை வீணாக்கக் கூடாது. மிச்சத்தை யாராவது ஒருவர் தின்றே ஆக வேண்டும்; அந்த ஒருவர் பாலத்துக்கு எதிர்ப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.