இரண்டு பேட்டரிக்கும் ஒரே கம்பி

அயனம்பாக்கம்,
10.6.1994

அன்புள்ள மைத்துனர் பாஸ்கலுக்கு,

எட்மண்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா லூர்தம்மாளும் மகள் ஜெயசீலியும் சுகம். வேன் சுகமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் குடியைக் கெடுத்தவர்கள் யாரும் இதுவரை காய்ச்சலில் படுத்து நான் பார்த்ததில்லை.

உன் அக்காவின் முட்டிவலிக்கு வேளாங்கண்ணி வரை பஸ் ஆகாதென்று, ஆவடி தொழிற்சாலையில் ரிடையரான கையோடு அந்தப் பழைய டீசல் வேனை வாங்கி, உள்ளே படுக்கை, ஃபேன், டேப் எல்லாம் வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். நீ வந்து, "இன்னா மச்சான், வண்டி பேட்டரிலயே ஃபேன் ஓட்டுவியா? தனியா இன்னொண்ணு வையி. இஞ்சின் ஓடச்சொல்ல கரண்ட் எடுக்குற ஆல்டர்னேட்டர் சும்மாதானே சுத்திகினு கீது, ஒரே கம்பில ரெண்டுக்கும் சார்ஜ் ஏத்திடலாம், ஓசி கரண்ட்டு!" என்றாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் கன்ட்ரோல் பேனல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஜெயசீலி, "மாமா, நடுவுல ஒரு ரிலே போடணும். இஞ்சின் ஓடும்போது மட்டும் ரெண்டும் சேரணும், நின்னா பிரியணும். இல்லன்னா ஃபேன் ரெண்டையும் காலி பண்ணிடும்" என்றாள். "நீ போய் டீ போடும்மா" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். ரிலே இல்லாமலே கம்பியை மாட்டிவிட்டுப் போனாய்.

போன ஞாயிறு பூந்தமல்லி சத்தியராஜும் அவர் சம்சாரம் சாராளும் மகனோடு பெண் பார்க்க வந்தார்கள். வீட்டில் கரண்ட் போய்விட்டது. நமக்குத்தான் ஓசி கரண்ட் இருக்கிறதே என்ற திமிரில் எல்லாரையும் வேனில் ஏற்றிப் பூண்டி ஏரிக்குக் கூட்டிப்போனேன். வேனில் ஃபேனும் டேப்பும் ஓடிக்கொண்டிருக்க, மரத்தடியில் பிரியாணி. சாராள் எலும்பைக் கடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்கிப் போவக் கூடாது, எங்க ஊட்ல அந்தப் பழக்கம் கெடையாது" என்றார். "அதுக்கின்னாங்க, தாராளமா நிறுத்திடலாம்" என்றேன். பேச்சு முடிந்தது. வெற்றிலை போட்டுச் சாயங்காலம் வரை கதை பேசிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன்கூட முனகவில்லை. வேறு வழி? சம்பந்தி ஆகப்போகிறவர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார், மாப்பிள்ளை தள்ளினான், சாராளும் ஒரு கை கொடுத்தார். கடைசியில் ஸ்டார்ட் ஆகி அவர்கள் மூஞ்சி மேலேயே கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே என்று நான் நிறுத்தவில்லை. பின்னால் குடும்பமே ஓடி வருகிறது, மாப்பிள்ளையின் செருப்பு ஒன்று சேற்றில் போயே போச்சு. திரும்பிப் போய்ப் பார்த்தபோது திருவள்ளூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "யோவ், உன் வண்டியும் வாணாம், பொண்ணும் வாணாம்யா!" என்றார் சத்தியராஜ், பஸ் மொத்தமும் கேட்கும்படி.

உன் அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நல்ல வரனை ஒரு முழம் கம்பியில் அறுத்துவிட்டாய் பாஸ்கல். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
எட்மண்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜெயசீலி வாங்கிப் படித்துவிட்டாள். "மாமாவைத் திட்டாதீங்கப்பா. வேலைய விடணும்னு நீங்க ஒத்துக்கிட்டதும் நான்தான் போய் ஹெட்லைட்டப் போட்டுட்டு வந்தேன். வெயில்ல யாருக்கும் தெரியல. இன்னொரு பேட்டரி சேர்ந்திருந்ததால காலியாவ நேரமாச்சி, அந்தக் கம்பி இல்லன்னா இன்னும் சீக்கிரமே தீந்திருக்கும்" என்றாள். வேண்டாமென்று வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன். "யார்கிட்டப்பா சொல்றது?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச ஆளில்லை. முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.