உறுதியில் காளியாயி பேரும் வேண்டும்

மஸ்கெலியாவில் இருக்கும் மதினி வேலாயி அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சடையப்பன், தலவாக்கலைத் தோட்டத்திலிருந்து பவுலின் டீச்சரைக் கொண்டு எழுதுவது. இங்கே நாங்கள் மழைக்கும் அட்டைக்கும் நடுவில் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலி தணிந்திருக்க மாரியம்மாவை வேண்டுகிறேன்.

விசயம் என்னவென்றால், லயத்து வரிசைக் காம்பராவை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்தோம் அல்லவா, அதற்கு உறுதிப் பத்திரம் எழுத, போன செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீஸ் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அங்கே உறுதி எழுதும் பிரியந்தி நோனா குடும்பத் தலைவர் என்று என் பேரை மட்டும் எழுதி மைப்பெட்டியை நீட்டினார். நான் கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். மதினி, நான் இந்தத் தோட்டத்தில் ஒரு தேயிலைக் கொழுந்து கிள்ளியவனில்லை, நுவரெலியா மார்க்கட்டில் மூட்டை தூக்கியவன். முப்பத்தெட்டு வருசம் மலை ஏறியவள் உங்கள் தங்கை காளியாயி. அவள் உழைப்புக்குத்தானே வீடே கிடைத்தது. எங்கள் பழைய லயத்து ஜீவராணியின் கதை தெரியும்தானே, அவள் புருஷன் ஒற்றைக் கையெழுத்தில் வீட்டைக் கைமாற்றிவிட்டான், சாமான் ஏற்ற லொறி வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, இன்றைக்குத் தம்பி வீட்டு வாசலில் படுக்கிறாள். நான் நல்லவன்தான். ஆனால் தீபாவளிக்கு நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் விரலை எவன் பிடித்து எதில் வைத்தாலும் அது ஒட்டும்.

"நோனா, அவ பேரையும் போடுங்க. இல்லாட்டி இந்த வெரல் வெளிய வராது" என்றேன். நோனா தோட்டத்துப் பேரேட்டைப் புரட்டினார். அதில் காளியாயி எங்கே இருக்கிறாள்? நீங்கள் அல்லவா இருக்கிறீர்கள். எண்பத்தோராம் வருசம் நீங்கள் கல்யாணமாகிப் போன மறுநாள், பதினாறு வயதுக் காளியாயியை உங்கள் நம்பரிலேயே நிறுத்தி, "பேரு இருக்கட்டும், ஆளு மாறட்டும்" என்றார் கணக்கப்பிள்ளை. அன்றைக்கு அவர் குடையில் இரண்டு கம்பி ஒடிந்திருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று முதல் அடையாள அட்டையில் காளியாயி, பேரேட்டில் வேலாயி.

"ஐயாவுக்குப் பொஞ்சாதி ரெண்டா?" என்றார் நோனா.

"ஒருத்தியவே ஒழுங்கா பாத்துக்கத் தெரியல, இதுல ரெண்டாம்" என்றாள் பக்கத்தில் நின்ற காளியாயி.

கந்தோரே சிரித்தது, நோனா சிரிக்கவில்லை. அசல் வேலாயி நேரில் வந்து, வேலை செய்தது தங்கச்சிதான் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டுமாம்.

ஆகவே வெள்ளிக்கிழமை விடிய ஹட்டன் பஸ்ஸில் வந்து அங்கிருந்து தலவாக்கலைக்கு ஏறவும். ஆடு குட்டி போடுகிறது என்று சொல்ல வேண்டாம், உங்கள் ஆடு எங்கள் வீட்டு விசேசம் ஒவ்வொன்றுக்கும் குட்டி போடுகிறது. தொண்ணூற்றி நாலில் எங்கள் மகள் சடங்கில் உங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த கோபம் இருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போட்டபின் திட்டுங்கள். வராவிட்டால் நான் வந்து உங்கள் வாசலில் உட்காருவேன், எழும்ப மாட்டேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சடையப்பன், இடது கைநாட்டு.

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் உறுதி வந்துவிட்டது. என் பிடிவாதம் தாங்காமல் நோனா, சத்தியக் கடதாசிக்கும் காத்திராமல், புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சரிபாதியாக, பேரேட்டில் இருந்தபடியே எழுதிவிட்டார். டீச்சர் வாசித்தார்: சடையப்பன், வேலாயி. பாதி வீடு உங்களுடையது, மதினி. "சமைக்கிற குசினி யாரு பாதியில வருதுன்னு அக்கா வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் ஒல வைக்க மாட்டேன்" என்று காளியாயி உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேண்டாம், நாளைக்கே வாருங்கள். பசிக்கிறது.